சட்ட முதுமாணிக் கல்விக்குத் தகுதி யாது? தீவகம் வழியாக ஒரு வரலாற்று நோக்கு

சட்டத்தில் இளமாணிப் பட்டம். அப்பட்டத்திற் குறித்ததொரு தரத்திற் சித்தி. அல்லது சட்டத்தரணியாக அனுமதி பெற்றுத் தொழில் புரிந்த அனுபவம். ஆங்கிலத்திற் கற்கும் ஆற்றல். சில இடங்களில் தேர்வுப் பரீட்சை, சில இடங்களில் நேர்முகம். சட்ட முதுமாணிக் கற்கைநெறி பற்றிய பல்கலைக்கழக அறிவித்தல்களை எடுத்து நோக்குவோர் பெரும்பாலும் இத்தகைய நிபந்தனைகளையே காண்பர். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் அளவுகள் வேறுபடலாம், அடிப்படை ஒன்றே. இவற்றைப் படிக்கும் மாணவர், 'நான் தகுதியுடையேனா?' என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வது இயல்பு. 'இத்தகுதிகளை வகுத்தவர் யார்? எக்காலத்தில், எக்காரணம் பற்றி வகுத்தனர்?' என்று வினவுவோர் மிகச் சிலரே. இக்கட்டுரை இந்த இரண்டாவது வினாவையே எடுத்துக்கொள்கின்றது.

தகுதி என்பது அறிவை அளக்கும் கோல் என்று பொதுவாகக் கருதுகின்றோம். அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. அறிவு எம்மொழியில் இருக்க வேண்டும், எந்நிறுவனத்தின் முத்திரையைத் தாங்க வேண்டும், யாரிடம் இருக்க வேண்டும் என்பவற்றையும் தகுதி விதிகளே தீர்மானித்து வந்துள்ளன. காலந்தோறும் அவை சிலரை உள்ளே அழைத்தன. சிலரை வாயிலிலே நிறுத்தின. இதனை உணர்த்துவதற்கு யாழ்ப்பாணத் தீவகத்தைக் காட்டிலும் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. நயினாதீவும் ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் சட்டக் கல்வியின் நிலையங்களாக என்றும் இருந்ததில்லை. ஆயினும் சட்ட வரலாற்றின் மூலச்சான்றுகள் அங்கு உள்ளன. சட்ட ஆய்வை வேண்டி நிற்கும் சிக்கல்களும் அங்கு உள்ளன. சட்டம் நிறைந்திருக்கும் ஓரிடத்திலிருந்து சட்டத்தின் உயர்கல்விக்குச் செல்லும் வழி எவ்வாறு அமைந்தது என்பதே நம்முன் உள்ள பொருள்.

கல்லில் எழுதிய சட்டம்

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உண்டு. அது பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆட்சி செய்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டார். ஊராத்துறை என அக்கல்வெட்டுக் குறிப்பிடும் ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகர் காக்கப்படவேண்டும் என்பது அவ்வாணையின் ஒரு பகுதி. உடைந்த கலங்கள் பற்றிய விதி மற்றொரு பகுதி. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும், நாலில் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வணிகப் பண்டம் ஏற்றிவந்த கலம் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் உரியன.

இவ்விதியைச் சட்ட மாணவரின் கண்கொண்டு நோக்குதல் வேண்டும். இங்கே பொருள்களிடையே வகைப்பாடு உண்டு. வகைக்கேற்ற பங்கு உண்டு. உடையவன் உரிமைக்கும் அரசன் உரிமைக்கும் இடையே ஓர் எல்லை உண்டு. அந்நியனுக்குக் காப்பு உண்டு. போருக்கு வேண்டிய யானை குதிரைகளைக் கொண்டுவருவோர்க்குக் கூடிய பங்கை விட்டுக்கொடுத்து அவ்வணிகத்தை ஊக்குவிக்கும் நோக்கமும் இதிற் புலப்படுகின்றது. சிங்கள மன்னன் ஒருவன், தமிழ் வழங்கும் துறைமுகத்தின் பொருட்டு, தமிழ்மொழியிற் சட்டம் பொறித்தான் என்பதும் சிந்திக்கத்தக்கது. சட்டம் யாரை ஆள்கின்றதோ அவர் மொழியில் அது வெளியிடப்படல் வேண்டும் என்னும் நெறி அன்றே அறியப்பட்டிருந்தது.

இக்கல்வெட்டைச் சட்ட முதுமாணி ஆய்வுக்குப் பொருளாகக் கொள்ள ஒருவர் விரும்பினால் அவருக்கு என்ன தகுதி வேண்டும்? இடைக்காலத் தமிழ் எழுத்தையும் மொழிநடையையும் அறியவேண்டும். இந்துசமுத்திர வணிக வரலாற்றை அறியவேண்டும். பிறநாட்டுக் கடற்சட்டங்களோடு ஒப்பிடும் பயிற்சி வேண்டும். இவற்றுள் எதனையும் சட்ட இளமாணிப் பட்டம் தானாகத் தருவதில்லை. இக்கல்வெட்டைப் பதிப்பித்தவர் வரலாற்றாசிரியரேயன்றிச் சட்ட அறிஞர் அல்லர் என்பதே இதற்குச் சான்று.

வழக்கில் வாழ்ந்த சட்டம்

ஒல்லாந்தர் ஆட்சியில் தீவுகள் ஒல்லாந்த நகரங்களின் பெயர்களைப் பெற்றன. வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் மட்டுமே இன்றும் நிலைத்துள்ளது. பெயரை மாற்றிய ஒல்லாந்தர் மக்களின் வழக்கத்தை அவ்வாறு மாற்ற முயலவில்லை. நீதி வழங்குவதற்கு அவ்வழக்கம் எதுவென அறியவேண்டிய தேவையே அவர்களுக்கு ஏற்பட்டது. 1706ஆம் ஆண்டு ஆளுநர் கொர்னேலிஸ் ஜோன் சிமோன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் இம்மக்களின் வழக்கங்களைத் தொகுத்தார். 1707ஆம் ஆண்டு தொகுப்பு முற்றுப்பெற்றது. அதனைத் தமிழில் மொழிபெயர்த்துப் பன்னிரு முதலியார்களிடம் கொடுத்துச் சரிபார்க்கச் செய்தனர். இதுவே தேசவழமை.

இந்நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. சட்டம் எதுவெனச் சொல்ல அன்று தகுதியுடையோராகக் கொள்ளப்பட்டோர் யாவர்? தொகுத்தவருக்கு இருந்த தகுதி நீண்டகால அனுபவம். சரிபார்த்தோர்க்கு இருந்த தகுதி வழக்கறிவும் சமூக நிலையும். பட்டமோ பரீட்சையோ எவரிடமும் கேட்கப்படவில்லை. அனுபவ அறிவு மதிக்கப்பட்டது என்பது இதன் சிறப்பு. முதலியார்களாகிய உயர்நிலையினரிடம் மட்டுமே அது கேட்டறியப்பட்டது என்பது இதன் குறை. பெண்களின் சீதனம் பற்றி நூல் விரிவாகப் பேசுகின்றது; எந்தப் பெண்ணும் கலந்தாலோசிக்கப்பட்டதாகச் செய்தியில்லை. அடிமைகள் பற்றியும் நூல் பேசுகின்றது. அவர்களுடைய குரல் அதில் இல்லை. பட்டமில்லாத காலத்திலும் தகுதி சிலரை விலக்கியே இயங்கியது.

தேசவழமையின் உள்ளடக்கம் தீவக வாழ்வோடு ஒன்றியது. முதுசம், உரிமை, சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்து வகைகளும், ஒற்றி முறையும், பங்காளர்க்கும் உறவினர்க்கும் நிலத்தை முதலில் வாங்குவதற்குள்ள முன்னுரிமையும், பிறர் நிலத்தில் மரம் நட்டோர்க்குள்ள பங்கும் அதில் இடம்பெறுகின்றன. பனையும் சிறு நிலத்துண்டுகளுமே சொத்தாகக் கொண்ட மக்களுக்கு இவை நாள்தோறும் எழும் பிரச்சினைகள். நெடுந்தீவில் முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகள் இன்றும் காணிக்குக் காணி எல்லை காட்டி நிற்கின்றன. அவ்வேலி ஒவ்வொன்றின் பின்னும் சீதனம், பங்கு, ஒற்றி என ஒரு சட்ட வரலாறு உண்டு.

ஆங்கிலேயர் வந்தபின் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி தேசவழமைக்குச் சட்டவலு அளித்தது. ஹென்றி பிரான்சிஸ் முத்துக்கிருஷ்ணா 1862இல் அதனைப் புதிதாகப் பதிப்பித்தார். 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டமும், 1947ஆம் ஆண்டு முன்னுரிமைக் கொள்வனவு பற்றிய கட்டளைச் சட்டமும் அதன் பகுதிகளை மாற்றியமைத்தன. முதியோரின் நினைவில் இருந்த சட்டம் இவ்வாறு படிப்படியாக ஏட்டுச் சட்டமாகவும், பின் ஆங்கிலத் தீர்ப்புகளின் சட்டமாகவும் ஆயிற்று. அதனை எடுத்துரைக்கும் தகுதியும் அவ்வாறே ஊர்ப் பெரியோரிடமிருந்து நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கறிஞர்க்கு மாறியது.

அனுமதியின் வரலாறு

அந்த வழக்கறிஞருக்குரிய தகுதி எவ்வாறு வளர்ந்தது? 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம், நற்பெயரும் போதிய அறிவும் ஆற்றலும் உடையோரை அத்துவக்காத்துமாராகவும் பிறக்கிராசிமாராகவும் அனுமதிக்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு வழங்கியது. நற்பெயர், அறிவு, ஆற்றல் ஆகிய மூன்றே அன்றைய தகுதிகள். இவற்றை எவ்வாறு அளப்பது என்பதை நீதிபதிகளே தீர்மானித்தனர். 1874இல் சட்டக் கல்லூரி தோன்றியது. 1900ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சட்டக் கல்விப் பேரவையைக் கூட்டிணைத்தது. அதன்பின் அறிவு என்பது பேரவை நடத்தும் பரீட்சையிற் சித்தியடைதல் எனப் பொருள்பட்டது. நீதிபதியின் தனி விருப்பத்துக்கு இடமிருந்த நிலை மாறிப் பொதுவான அளவுகோல் வந்தது நன்மையே. ஆனால் அவ்வளவுகோல் ஆங்கிலத்தில் இருந்தது, கொழும்பில் இருந்தது.

தொழிலும் இரு படிகளாகப் பிரிந்திருந்தது. அத்துவக்காத்து வழக்குரைப்பவர்; பிறக்கிராசியார் கட்சிக்காரரை நேரிற் சந்தித்து வழக்கை ஆயத்தம் செய்பவர். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இப்பிரிவை ஒழித்தது. 1974 முதல் இருவரும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயர் பெற்றனர். பல தலைமுறைகள் இயற்கையானதெனக் கருதிய ஒரு தகுதி வேறுபாடு ஒரு சட்டத்தால் நீங்கிற்று. தகுதி விதிகள் மாற்றத்தக்கவை என்பதற்கு நம் நாட்டு வரலாறே தரும் தெளிந்த சான்று இது.

பட்டத்தின் மேற் பட்டம்

சட்டப் படிப்பில் 'பட்டப்பின்' என்னும் சொல்லே காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப வேறு பொருள் தந்து வந்துள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகிய சி. வை. தாமோதரம்பிள்ளை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சிறுப்பிட்டியிற் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்ற அவர், கடல் கடந்து 1857இல் கலைப் பட்டம் பெற்றார். 1871இல் சட்டப் பட்டம் பெற்றார். பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாக விளங்கினார். முதலிற் கலைப்பட்டம், அதன்பின் சட்டப்பட்டம் என்பது அவர் சென்ற வழி. இன்று உயர்தரப் பரீட்சை முடித்த மாணவரே சட்ட இளமாணிக்கு நேரே செல்கின்றார். முதுமாணியே அவருக்குப் பட்டப்பின் படிப்பாகின்றது. பண்டைத் தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றிய பெரும்பணியையும் சட்டம் பயின்ற இவரே ஆற்றினார் என்பதைச் சட்ட மாணவர் மறத்தலாகாது.

யாழ்ப்பாண மாணவர் பட்டம் நாடிப் பாக்குநீரிணையைக் கடந்தமைக்குக் காரணம், இலங்கையில் அன்று பல்கலைக்கழகம் இல்லாமையே. இலண்டன் பல்கலைக்கழகம் 1858இல் கல்லூரிச் சேர்க்கையை ஒரு நிபந்தனையாகக் கொள்ளாது பரீட்சைகளைத் திறந்துவிட்டது. 1882 முதல் அப்பரீட்சைகள் இலங்கையிலும் நடைபெற்றன. எங்கு படித்தாய் என்பதை விடுத்து, என்ன அறிவாய் என்பதை மட்டும் கேட்ட அம்முறை, குடியேற்ற நாடுகளின் மாணவர்க்குப் பெரும் வாயிலாக அமைந்தது.

ஆயினும் திறந்த வாயிலிலும் மறைந்த தடைகள் இருக்கலாம். கொர்னீலியா சோரப்ஜி என்னும் இந்தியப் பெண் 1892இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் சிவில் சட்டப் பட்டத்துக்குரிய பரீட்சையை எழுதினார். அது சட்டத்தில் உயர்படிப்பாகக் கருதப்பட்ட பட்டம். அப்பரீட்சையை எழுதிய முதற் பெண் அவரே. பெண்களுக்குப் பட்டம் வழங்கும் விதி ஒக்ஸ்போர்ட்டில் 1920இலேயே வந்தது. அவர் தம் பட்டத்தை 1922இற் பெற்றார். முப்பது ஆண்டுகள் அவர் அறிவில் எக்குறையும் இல்லை. குறை விதியில் இருந்தது. இந்தியாவிற் பெண்கள் வழக்கறிஞராவதற்கிருந்த தடையை நீக்கிய சட்டம் 1923இல் நிறைவேறியது. தகுதியின்மை என்று நாம் கூறுவது மாணவரின் குறையா, விதியின் குறையா என்பதை ஒவ்வொரு முறையும் பிரித்தறிய வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தோன்றியது. அங்கு சட்டத்துறை 1947இல் ஆரம்பமாயிற்று. அதுவரை தொழிலுக்கான பயிற்சியாக மட்டும் இருந்த சட்டம் பல்கலைக்கழக ஆய்வுப்பொருளாயிற்று. துணைவேந்தராகிய சேர் ஐவர் ஜெனிங்ஸும் எச். டபிள்யூ. தம்பையாவும் இணைந்து இலங்கையின் சட்டங்கள், அரசியலமைப்பு ஆகியவற்றின் வளர்ச்சி பற்றி 1952இல் ஒரு நூல் வெளியிட்டனர். பிற்காலத்தில் உயர் நீதிமன்ற நீதியரசரான தம்பையா, இலங்கைத் தமிழரின் சட்டங்களும் வழக்கங்களும் பற்றி 1954இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் தேசவழமை ஆய்வுக்கு இன்றும் அடிப்படையானது. பேராசிரியர் த. நடராஜா 1972இல் வெளியிட்ட, இலங்கைச் சட்டமுறைமையின் வரலாற்றுப் பின்னணி பற்றிய நூலும் அத்தகையது. சட்டத்தையும் வரலாற்றையும் இணைத்துக் கற்றமையே இவ்விருவர் நூல்களும் நிலைபெறக் காரணம்.

இடையே ஒரு தீவக மைந்தரையும் நினைவுகூர்தல் பொருந்தும். 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகள் கரம்பனைச் சேர்ந்தவர். உரோமையில் இறையியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் தமிழ் பயிலச் சென்றார். அவர் துறை சட்டமன்று. எனினும் உயர் பட்டம் உடையவரும் புதிய துறைக்குப் புதிய கருவிகளை முதலிலிருந்து கற்கவேண்டும் என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது. பட்டம் நுழைவுரிமை தரலாம், ஆயத்தம் வேறு.

மொழி என்னும் வாயில்

இன்றைய நிலையில் மொழியே மிகக் கடினமான வாயில். 1961ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை நீதிமன்ற மொழியாக்க வழிசெய்தது. 1963 முதல் 1970 வரை ஊர்காவற்றுறைத் தொகுதியின் உறுப்பினராக விளங்கிய வி. நவரத்தினமும் ஒரு சட்டத்தரணியே. மொழியுரிமைப் போராட்டத்தில் அவர் முன்னணியில் நின்றவர். 1987இல் 13ஆம் திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. 1988இல் 16ஆம் திருத்தம் நீதிமன்ற மொழி பற்றிய ஏற்பாடுகளை மாற்றியது. அதன்படி ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றில் வழக்குத் தமிழில் நடைபெறலாம். ஆனால் அவ்வழக்கை ஆளும் முன்தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத் தீர்ப்புத் தொகுதிகளில் உள்ளன. மேனிலை நீதிமன்றங்களின் வாதமும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. முதுமாணிக் கற்கையின் மொழியும் அதுவே.

2020ஆம் ஆண்டின் இறுதியில், சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கான ஒழுங்குவிதி வர்த்தமானியில் வெளியாயிற்று. 2023 மார்ச்சில் அது பாராளுமன்றத்தின் முன் வந்தபோது பெரும்பான்மை வாக்குகளால் நிராகரிக்கப்பட்டது. இவ்விவாதத்தில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆங்கிலம் அறியாத சட்டத்தரணி முன்தீர்ப்புகளைப் படிக்க இயலாது. பிறநாட்டுச் சட்டத்தோடு ஒப்பிடவும் இயலாது. ஆதலால் முதுமாணி மாணவர்க்கு ஆங்கிலம் இன்றியமையாதது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் ஆங்கிலத்தைக் கற்பிக்கும் வாய்ப்பை நல்காது அதனைத் தகுதியாக மட்டும் வைப்பது, மாணவர் பிறந்த இடத்தையே தகுதியாக்குவதற்கு ஒப்பாகும்.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். தேசவழமையில் முதுமாணி ஆய்வு செய்ய வரும் ஒருவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவர் தகுதியுடையவரா? முதுசம், தேடியதேட்டம், ஒற்றி என்னும் சொற்கள் ஆங்கிலத் தீர்ப்புகளிலும் அவ்வாறே ஆளப்படுகின்றன. மொழிபெயர்த்தாற் பொருள் சிதையும் என்பதை நீதிபதிகளும் உணர்ந்திருந்தனர். மூலத் தொகுப்பு ஒல்லாந்த மொழியில் உள்ளது. காணி உறுதிகள் பல தமிழில் உள்ளன. ஆங்கிலத்தைத் தகுதியாகக் கேட்கும் நாம், ஆய்வுப்பொருள் வேண்டும்போது தமிழையும் ஒல்லாந்தத்தையும் தகுதியாகக் கேட்பதே முறை. அவ்வாறு கேட்டால், இன்று பின்தங்கியவராகக் கருதப்படும் நெடுந்தீவு மாணவர் ஒரு துறையில் முன்நிற்பவராவர்.

இடம் என்னும் வாயில்

மொழியை அடுத்து இடம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் செல்வோர் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணையை அடைந்து, புங்குடுதீவைக் கடந்து, குறிகட்டுவானிற் படகேறுகின்றனர். நயினாதீவு அண்மையில் உள்ளது; நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். கடல் கொந்தளித்தாற் படகு இல்லை. நூலகம், தனியார் வகுப்பு, ஆங்கில ஆசிரியர் என நகர மாணவர் எண்ணிப் பாராது பெறும் வசதிகள் தீவக மாணவர்க்குக் கடலுக்கு அப்பால் உள்ளன.

1970களின் முற்பகுதியில் மொழிவாரித் தரப்படுத்தலும் பின்னர் மாவட்ட ஒதுக்கீடும் பல்கலைக்கழக அனுமதியை மாற்றியமைத்தன. 1971 அனுமதியிற் பொறியியலுக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளி பெறவேண்டியிருக்க, சிங்களமொழி மாணவர்க்கு 227 போதுமானதாயிற்று. அதனால் விளைந்த மனக்கசப்பும் அரசியல் விளைவுகளும் யாவரும் அறிந்தவை. ஈண்டு நாம் வலியுறுத்த விரும்புவது அதிகம் பேசப்படாத ஒன்றை. மாவட்டம் என்னும் அலகு, மாவட்டத்தினுள் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் காண்பதில்லை. யாழ் நகரின் புகழ்பெற்ற கல்லூரி மாணவரும் நெடுந்தீவின் மாணவரும் யாழ்ப்பாண மாவட்டம் என்னும் ஒரே நிரலில் நிற்கின்றனர். சட்டக் கற்கைக்கும் வெட்டுப்புள்ளி மாவட்டவாரியாகவே வெளியிடப்படுகின்றது. யாழ்ப்பாணத்துக்கு இழைத்த அநீதி பற்றி உரக்கப் பேசிய நாம், யாழ்ப்பாணத்தினுள் தீவகத்துக்கு உள்ள குறையை அத்துணை உரக்கப் பேசினோமா என்பது நம் மனச்சான்றுக்குரிய வினா.

1990ஆம் ஆண்டின் பின் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஒரு தலைமுறையின் பள்ளிப் படிப்பு இடையறவுபட்டது. யாழ்ப்பாணத்தில் 1974இற் பல்கலைக்கழக வளாகம் அமைந்ததாயினும், அங்கு சட்டத்துறை தோன்றியது 2010இலேயே. முப்பத்தாறு ஆண்டுகள், பல்கலைக்கழகம் இருந்தும் சட்டம் பயில விரும்பிய வடபுல மாணவர் கொழும்பையே நாடவேண்டியிருந்தது. 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்வி வழியாகச் சட்ட இளமாணிக் கற்கையை நடத்தி இக்குறையை ஓரளவு தணித்தது. இளமாணிக்கே வழி இத்துணை நெடியதாயின், இளமாணியைத் தகுதியாகக் கேட்கும் முதுமாணிக்கு வழி எத்துணை நெடியது என்பது சொல்லாமலே விளங்கும்.

பிறநாடுகளிலும் இவ்விதிகள் நிலைபெற்றவையாக இல்லை. இந்தியாவில் 2013 அளவில் ஓராண்டுச் சட்ட முதுமாணிக் கற்கை அறிமுகமாயிற்று. இந்திய வழக்கறிஞர் மன்றம் 2020ஆம் ஆண்டின் விதிகளால் அதனை நீக்கி, ஈராண்டுக் கற்கையையும் பொது நுழைவுத் தேர்வையும் வலியுறுத்த முயன்றது. அவ்விதிகள் உச்ச நீதிமன்றத்தின் முன் வழக்குப் பொருளாயின. முதுமாணியின் கால அளவும் நுழைவுத் தகுதியும் இன்றும் வழக்காடப்படும் பொருள்களே.

தீவகத்திற் காத்திருக்கும் ஆய்வுகள்

தீவகத்திலிருந்து ஒரு சட்ட முதுமாணி மாணவர் வருவதால் யாருக்கு என்ன பயன் என ஒருவர் வினவலாம். மூன்று பொருள்களை மட்டும் குறிப்பிடுவோம்.

முதலாவது காணி. பல ஆண்டுகள் ஊரைவிட்டு நீங்கியிருந்தோரின் காணியைப் பிறர் ஆண்டு வந்திருந்தால், ஆட்சியுரிமை என்னும் சட்டக் கோட்பாடு உரியவரின் உரிமையை அழித்துவிடக்கூடும். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பேற்பாடுகள்) சட்டம், போர்க் காலத்தில் உரிமை கோர இயலாதிருந்தோர்க்கு 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது. தீவகத்திற் காணி உறுதிகள் தொலைந்தன; எல்லை அறிந்த முதியோர் மறைந்தனர். அச்சட்டம் அங்கு எவ்வாறு பயன்பட்டது, யாரைச் சென்றடையவில்லை என்பது களத்தில் நின்று ஆராயவேண்டிய பொருள்.

இரண்டாவது பெண்ணின் சொத்துரிமை. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. கணவன் இருக்குமிடம் அறியப்படாதவிடத்து மாவட்ட நீதிமன்றின் அனுமதியை அவள் நாடவேண்டும். போரிற் கணவனை இழந்தும், காணாமற் போகக் கொடுத்தும் நிற்கும் பெண்ணுக்கு இவ்விதி வெறும் ஏட்டுப் பிரச்சினையன்று. தன் சீதனக் காணியை விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்க முடியுமா என்னும் பிரச்சினை. 1707இற் கேட்கப்படாத பெண்களின் குரல் இனியேனும் ஆய்வேட்டிற் பதிவாதல் வேண்டும்.

மூன்றாவது கடல். நெடுந்தீவுப் பிரதேசத்தின் நிருவாகத்துக்குட்பட்டது கச்சதீவு. 1974, 1976ஆம் ஆண்டுகளின் இந்திய இலங்கை உடன்படிக்கைகள் அக்கடலின் எல்லையை வகுத்தன. 1979ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் பிறநாட்டு மீன்பிடிப் படகுகளை ஒழுங்குபடுத்துகின்றது. பிடிபட்ட படகின் கதி, படகுக்காரனின் உரிமை, வலையிழந்த தீவக மீனவனின் இழப்பு ஆகியன இன்றும் தீராத வழக்குகள். பிறர் கலம் நம் துறையை அடைந்தால் எப்பங்கு யாருக்கு என்று பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கல்லில் எழுதிய அதே கடற்பரப்பில், அவ்வினா வேறுருவில் எழுந்து நிற்கின்றது.

முடிவுரை

சட்ட முதுமாணிக்குத் தகுதி வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அளவுகோல் இல்லாவிடிற் செல்வாக்கே அளவுகோலாகும் என்பதை 1833க்குப் பிந்திய வரலாறு உணர்த்துகின்றது. ஆயின் அளவுகோல் எதனை அளக்கின்றது என்பதை இடையிடையே சோதித்தல் வேண்டும். இளமாணிப் பட்டத் தரமும் தொழில் அனுபவமும் நிற்கட்டும். அவற்றோடு ஆய்வுப்பொருளுக்கு வேண்டிய மொழியறிவும், மூலச்சான்றுகளைப் படிக்கும் பயிற்சியும், களத்து மக்களின் வழக்கறிவும் தகுதியாக மதிக்கப்படல் வேண்டும். ஆங்கிலத்தைக் கேட்கும் பல்கலைக்கழகம், அதனை நல்கும் ஆயத்த வகுப்பையும் நடத்துதல் வேண்டும். யாழ்ப்பாணத்துச் சட்டத்துறை தேசவழமையிலும் கடற்சட்டத்திலும் உயராய்வு நிலையமாக வளர்தல் வேண்டும். வேறெந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இப்பொருள்கள் இத்துணை அண்மையில் இல்லை.

இவ்விதழைப் படிக்கும் மாணவர்க்கு ஒரு சொல். விண்ணப்பப் படிவத்திற் கேட்கப்படும் தகுதிகளைத் தேடிப் பெறுங்கள். அவற்றை இகழ வேண்டாம். ஆனால் குறிகட்டுவானிற் படகுக்குக் காத்திருக்கும் ஒரு மாணவரிடம் அப்படிவம் கேட்க மறந்த தகுதிகளும் இருக்கலாம். விதிகளை வகுக்கும் இடத்தை நீங்கள் ஒருநாள் அடைவீர்கள். அன்று அம்மாணவரை மறவாதிருங்கள்.